எட்டுப் பந்தும் பன்னிரண்டாயிரம் முடிச்சும்

கோச்சடை ராதாமணி அம்மாள், ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூல் டேபிள் முன்னால் நின்று, பந்தையும் பார்க்காமல் குழியையும் பார்க்காமல், டேபிள்மேல் விரித்திருந்த துணியை மட்டும் பார்த்துக்கொண்டு, எட்டுப் பந்தை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இறக்கினார். நடுவில் ஒரு கொட்டாவியும் விட்டார். அதுவரைக்கும் அந்தக் கை பிடித்த மிக நீளமான கம்பு, ஒட்டடை அடிக்கிற கம்புதான்.

கோச்சடையில் இதை எல்லோரும் நம்பினார்கள். பால்காரர் நம்பினார், ரேஷன் கடையில் வரிசையில் நின்றவர்கள் நம்பினார்கள், பக்கத்துத் தெருவில் பிறந்து மூன்று நாளான குழந்தைகூட நம்பியிருக்கும். நம்பாதவர் ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தர், சம்பவம் நடந்தபோது இரண்டடி தள்ளி நின்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர். அம்மாளின் கணவர் ஜனகராஜ்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர்களுடைய மகன் விஜய்ஆனந்த் வேலை தேடியதுதான்.

விஜய்ஆனந்த் பி.காம். முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேலைக்குப் போகமாட்டேன் என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. சம்பளம் எம்புட்டு என்று கேட்டதில்லை, வெயிலா நிழலா என்று கேட்டதில்லை. அவன் கேட்டது ஒன்றுதான். மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அவனை யாரும் கூப்பிடக் கூடாது. அந்த நாலு மணி நேரம் பேயாண்டியின் டேபிளுக்கு உரியது.

பேயாண்டி, ஆற்றோரம் மூடிக்கிடந்த அரிசி மில்லின் மாடியை வாடகைக்கு எடுத்து, கொடைக்கானல் பங்களா ஒன்றில் கழித்துப்போட்ட டேபிளை வாங்கிப் போட்டிருந்தான். ஜல்லிக்கட்டு மாடு ஏற்றி வந்த லாரியில் அது மலையிறங்கியது. வழிநெடுக மாடு டேபிளின்மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டே வந்ததாகவும், இறங்கும்போது பிரிய மனமில்லாமல் முட்டியதாகவும் பேயாண்டி சொல்வான். வாசல் போர்டில் 'ஸ்னூக்கர்' என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருந்தது ஆறு குழி, பதினைந்து பந்து, ஒரு வெள்ளைப் பந்து உள்ள பூல் டேபிள்தான். போர்டு எழுதியவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்.

காலையில் பேயாண்டி தூங்குவான். நாலு மணிக்கு மேல் காலேஜ் பையன்கள் படையெடுத்து வந்துவிடுவார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து நாலு மட்டும் ஒரு ஈ காக்கை வராது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெளியே மதுரை வெயில். அந்த நேரத்தில் அங்கே ஒரு முட்டையை வைத்தால் அது ஆம்லெட் ஆகாது, நேராகக் கோழியாகி எழுந்து நடந்துவிடும். அந்தச் சூட்டைத் தாங்கக்கூடிய உடம்பு மதுரை மாவட்டத்திலேயே விஜய்ஆனந்துக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் டேபிள் அவனுக்கே அவனுக்கு.

முதலில் ஒரு பைனான்ஸ் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். மேனேஜர் கேள்வி கேட்பதற்கு முன்னால் இவன் கேட்டான்.

"சார், மதியம் பன்னிரண்டு மணிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வேலை பாப்பேன்."

"ரெண்டு மணிக்கு?"

"அப்பவும் வேலைதான் தம்பி."

"பாவம் சார் நீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான். மேனேஜர் அன்றைக்கு மதியம் முழுக்க ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்தது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். சோணைமுத்து என்ற கமிஷன் கடைக்காரரிடம் சேர்ந்தான். விடிவதற்கு முன்னால் மல்லிகை வந்து இறங்கும், பத்து மணிக்கெல்லாம் கடை காலி. இதைவிடப் பொருத்தமான உத்தியோகத்தைப் பிரம்மாவே உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியாது. ஆனால் ஒன்றை விஜய்ஆனந்த் யோசிக்கவில்லை. விடியுமுன்னே எழுந்து போகிறவனுக்கு மதியம் பன்னிரண்டு மணிதான் நடுராத்திரி. முதல் நாள் வெள்ளைப் பந்தைக் குறிபார்க்கக் குனிந்தவன் நிமிரவில்லை. கன்னத்தை டேபிளில் வைத்துத் தூங்கிவிட்டான். நாலு மணிக்கு வந்த பையன்கள் அவனை எழுப்ப மனமில்லாமல் அவனைச் சுற்றியே ஆடினார்கள். ஒருத்தன் அடித்த பந்து விஜய்ஆனந்தின் மூக்கில் பட்டுத் திரும்பிக் குழியில் விழுந்தது. அது செல்லுமா செல்லாதா என்று முக்கால் மணி நேரம் சண்டை. செல்லும் என்று பேயாண்டி தீர்ப்புச் சொன்னான், அதிலிருந்து பையன்கள் வந்ததும், "மூக்கு வந்திருக்கா மாப்ள?" என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாவதாக, அவனியாபுரத்தில் விமானத்தில் பூ அனுப்பும் ஒரு சின்ன ஏஜென்சி. காலை விமானம் கிளம்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தான். ஆனால் முதலாளி சந்தேகப் பிராணி. விமானம் கிளம்பிய பிறகு, "போயிருச்சான்னு பாரு," என்பார். போய்விட்டது என்று சொன்னால், "திரும்பி வந்துரலையே?" என்பார். சாயங்காலம் வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. பதினோரு நாள் நின்றதில் விஜய்ஆனந்துக்குக் கழுத்து மேல்நோக்கியே நிலைத்துவிட்டது. டேபிளைப் பார்க்க முடியாத கழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையும் விட்டான்.

ஜனகராஜ் கோச்சடையில் சாயப் பட்டறை வைத்திருந்தார். சுங்குடிச் சேலை. மகால் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது, காய வைக்க இடம் வேண்டும் என்று ஆற்றோரம் வந்தவர். வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ர பாஷை. கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார். தான் கோபமாக இருப்பது தெருவுக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

மூன்றாவது வேலையும் போன அன்றைக்கு அவர் தமிழில் பேசினார்.

"சேலத்துல உங்க பெரியப்பா மகன் சாய்குமார் ஜவுளிக் கடைக்கு ஆள் வேணும்கிறான். ரெண்டு வாரம் கழிச்சு வார திங்கக்கிழமை அவனே வந்து கூட்டிட்டுப் போறான். சொல்லிப்புட்டேன்."

சாய்குமாரின் கடை காலை எட்டு மணிக்குத் திறந்தால் ராத்திரி பத்து. மதியச் சாப்பாடு நின்றுகொண்டுதான். உட்கார்ந்து சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும் என்பது சாய்குமாரின் கொள்கை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு, அன்றைக்குக் கடையைக் கழுவ வேண்டும். சேலத்தில் டேபிள் இருக்கலாம், ஆனால் விஜய்ஆனந்துக்குப் பன்னிரண்டு மணி என்று ஒன்று இனிமேல் வாழ்க்கையில் வராது.

"பட்டறையிலயே இருக்கேன்ப்பா," என்றான்.

"பட்டறையா? காலையில அஞ்சு மணிக்கு இறங்குனா சாயங்காலம் வரைக்கும் உசிரை வாங்கும். உனக்குப் பந்து உருட்ட நேரம் கிடைக்காதுடா," என்றார் ஜனகராஜ். அதைச் சொல்லும்போது மகனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

துக்கத்தில் இருக்கிறவன் நிதானமாக ஆடமாட்டான். மறுநாள் மதியம் விஜய்ஆனந்த் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து, வெள்ளைப் பந்தைத் தவளை மாதிரி குதிக்க வைக்கப் பார்த்தான். பந்து அசையவில்லை. குச்சி துணிக்குள் இறங்கி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கிழித்துக்கொண்டு போனது. ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தங்கள் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

பேயாண்டி நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தான். "மாப்ள, சாயப் பட்டறைக்காரன் மகன் நீ. புதுத் துணி போடு. பச்சையா இருக்கணும். அதுவரைக்கும் மாடி ஏறாத."

விஜய்ஆனந்த் குடோனிலிருந்து கெட்டியான வெள்ளைக் காடாத் துணியில் ஒரு துண்டு வெட்டி, 'பச்சை, அவசரம்' என்று சீட்டெழுதிக் குத்தி, சாயத்துக்குப் போகிற துணிக் கட்டோடு வைத்துவிட்டான். அப்பாவுக்குத் தெரியாமல் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தான்.

பிறந்ததிலிருந்து அந்த வீட்டிலேயே இருக்கிறவன் வீட்டு முறையை மறந்துவிட்டான். ஜனகராஜ் வீட்டு நிலைப்படி தாண்டி வந்த வெள்ளைத் துணி எதுவும் முடிச்சுப் போடாமல் சாயத்தில் இறங்கியதில்லை. நகநுனியால் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, அப்புறம்தான் சாயம். முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், அதுதான் சுங்குடி. ஒரு தடவை பூஜைக்கு வந்த வாத்தியார் துண்டை மறந்து வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் அது ஆயிரத்து எண்ணூறு புள்ளியோடு அவரிடம் திரும்பிப் போனது. இன்னொரு தடவை கட்டுப்போடும் துணிச் சுருள் ஒன்று சிக்கி, கால் உடைந்த ஜனகராஜ் ஒன்றரை மாசம் சுங்குடிக் காலோடு நடந்தார்.

முடிச்சுப் போடுவதில் ராதாமணி அம்மாளுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. 'அவசரம்' என்ற சீட்டைப் பார்த்ததும், பெரிய இடத்து ஆர்டர், அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது என்று தானே உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நாள். பன்னிரண்டாயிரம் முடிச்சு. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் போட்டார், கரண்டு போனபோதும் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் சாயம் காய்ந்து, முடிச்சு அவிழ்த்து, மடித்து வைத்திருந்ததை விஜய்ஆனந்த் ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடினான். பேயாண்டியின் முன்னால் உதறினான். பச்சைப் பசேலென்று விரிந்தது, மேலே பன்னிரண்டாயிரம் வெள்ளைப் புள்ளி.

பேயாண்டி அதன் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "நான் துணி கேட்டேன். நீ சீமந்தத்துக்குச் சேலை கொண்டாந்திருக்க," என்றான்.

வேறு வழியில்லை. திங்கட்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. இழுத்துக் கட்டி ஆணி அடித்தார்கள். முடிச்சு அவிழ்த்த இடமெல்லாம் வேர்க்குரு மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. இஸ்திரிப் பெட்டி போட்டுத் தேய்த்தார்கள். தேய்த்த சூட்டில் இன்னும் செழிப்பாக முளைத்தது. விஜய்ஆனந்த் வெள்ளைப் பந்தை வைத்து அடித்தான். பந்து நேராகப் புறப்பட்டு, பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல இடது பக்கம் திரும்பி, அங்கே ஒருத்தரும் இல்லை என்று தெரிந்து மறுபடி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. சாயங்காலம் வந்த காலேஜ் பையன்கள் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் தலை சுற்றுகிறது என்று எலுமிச்சம்பழம் வாங்கப் போனார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் பன்னிரண்டே கால். விஜய்ஆனந்த் தன் கடைசி மதியங்களில் ஒன்றை அந்தத் துணிமேல் ஓட்டிக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் சத்தம் கேட்டது. முன்னால் ராதாமணி அம்மாள், பின்னால் மூச்சு வாங்க ஜனகராஜ்.

"என் பச்சைத் துணி எங்கடா?" என்று கேட்டுக்கொண்டே வந்த அம்மாள், டேபிளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒன்பது நாள் உழைப்பின்மேல் பதினைந்து பந்து உருண்டுகொண்டிருந்தது.

"அக்கா, உக்காருங்க," என்று பேயாண்டி நாற்காலியைத் துடைத்தான்.

"உக்கார்றது இருக்கட்டும். எதுக்கு இதை மேசையில ஆணி அடிச்சு வச்சிருக்கீங்க? செத்த மாட்டுத் தோலா?"

பேயாண்டி ஆட்டத்தை விளக்கினான். வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்தைக் குழியில் தள்ள வேண்டும். பந்து விழுகிறவரைக்கும் அடித்துக்கொண்டே போகலாம், தவறினால் குச்சியை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். முதலில் எட்டுப் பந்து இறக்கியவர் ஜெயித்தவர். அம்புட்டுதான்.

"இதுக்குத்தானா உன் மகன் ரெண்டு வருஷமா மூணு வேலையை விட்டான்?" என்று மனைவியிடம் தமிழிலேயே ஆரம்பித்த ஜனகராஜ், மகன் பக்கம் திரும்பினார். "இதுல என்னடா இருக்கு? உங்கம்மாகூட உன்னை ஜெயிச்சுருவா."

விஜய்ஆனந்துக்கு வேலையைக் குறை சொன்னால் வலிக்காது, பி.காமைக் குறை சொன்னால் வலிக்காது. இது வலித்தது.

"அம்மாவ நான் ஜெயிச்சா?"

"ஜெயிச்சா நீ எங்கயும் போக வேண்டாம். மாடியிலேயே குடியிரு. தோத்தா திங்கக்கிழமை சேலம் பஸ். மூச்சுக் காட்டக் கூடாது."

"ஏங்க, நான் எதுக்குங்க இதுல?" என்றார் அம்மாள்.

"சும்மா ஒரு குத்துக் குத்து. அவன் புத்தியில உறைக்கட்டும்."

விஜய்ஆனந்துக்கு உள்ளே குளிர்ந்தது. சேலம் தப்பியது. அம்மா குச்சியைப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். அப்படியே பிடித்தாலும் பெற்ற பிள்ளையைச் சேலத்துக்கு அனுப்புவாளா? வேண்டுமென்றே தோற்பாள். அந்த நினைப்பில் குச்சி நுனிக்குச் சுண்ணாம்பு தடவி, முதல் அடியை அடித்தான். பந்துகள் சிதறின. ஒன்று விழுந்தது. இரண்டாவது, புள்ளிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து, குழியின் வாயில் நின்று யோசித்து விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. நாலாவதற்கு அடித்தபோது வெள்ளைப் பந்து எதையும் தொடாமல் எட்டுப் போட்டுவிட்டு நின்றது.

குச்சி அம்மாளிடம் போனது.

அவர் அதை ஒட்டடைக் கம்பு மாதிரியே பிடித்தார். பந்தைப் பார்க்கவில்லை. துணியின்மேல் குனிந்து, கோவிலில் கல்வெட்டுப் படிக்கிறவர்போலக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது திங்கக்கிழமை போட்ட வரிசை," என்றார். "புதுத் துணி. கை லேசா இருந்துச்சு. இங்க பந்து சும்மா போகும்."

தட்டினார். போனது. விழுந்தது.

"இங்கதான் கரண்டு போச்சு. இருட்டுல போட்ட முடிச்சு, வலது பக்கம் சாயும்." இடது பக்கம் அடித்தார். பந்து வலது பக்கம் சாய்ந்து, சொன்ன இடத்துக்குப் போய் விழுந்தது.

ஜனகராஜ் லேசாகச் சிரித்தார். "குருட்டு அடி."

"இது புதன்கிழமை. உப்புமாவுல உப்பு இல்லைன்னு உங்கப்பா தட்டை நகத்தி வச்சாருல்ல, அந்த எடம். இழுத்து இறுக்கிட்டேன். இங்க குதிக்கும்." வெள்ளைப் பந்து அந்தப் புள்ளியில் ஏறிக் குதித்து, நடுவில் நின்ற பந்தைத் தாண்டிப் போய், அதற்கு அப்பால் இருந்ததைத் தள்ளியது. விஜய்ஆனந்த் துணியைக் கிழித்துக்கொண்டு செய்ய முயன்றது இதைத்தான்.

ஜனகராஜ் சிரிப்பை நிறுத்தினார். நாலாவது, மழை வருமோ என்று மாடிக்கும் கீழுக்கும் ஓடிய நாளில் போட்ட வரிசையில் விழுந்தது. ஐந்தாவது, பக்கத்து வீட்டில் மிக்ஸி கடன் கேட்ட அன்றைக்குப் போட்டதில். ஆறாவதை அடிக்கும்போதுதான் கொட்டாவி. "வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன். தூக்கமா வந்துச்சு. இந்த வரிசை பூரா தூங்குமூஞ்சி வரிசை. மெதுவாத் தொட்டாப் போதும்." தொட்டார். பந்து தூக்கத்தில் நடக்கிறமாதிரி நடந்து போய் விழுந்தது. அதே வரிசையில் ஏழாவதும் பின்னாலேயே போனது.

விஜய்ஆனந்த் விழுந்த பந்துகளை எண்ணிப் பார்த்தான். அம்மா விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்தான். அவளுக்கோ தான் என்ன செய்கிறோம் என்பதே ஞாபகமில்லை. சொந்த வேலையைச் சரிபார்க்கிறவள் எங்கேயாவது விட்டுக்கொடுப்பாளா?

எட்டாவது பந்து தூர மூலையில், குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அம்மாள் அந்தப் பக்கம் போனார். துணியைத் தடவிப் பார்த்தார்.

"இந்த மூலை, நீங்க சாய்குமாருக்குப் போன் போட்டு, திங்கக்கிழமை வந்து இவனைக் கூட்டிட்டுப் போயிருன்னு சொன்ன அன்னிக்குப் போட்டது," என்றார். "நூலு நனைஞ்சிருந்துச்சு. நனைஞ்ச நூலு காயக் காய இன்னும் இறுகும். இங்க எந்தப் பந்தும் நேராப் போகாது."

நேராக அடிக்கவில்லை. மூலையிலிருந்து விலகி, எதிர்ப்பக்கத்து விளிம்புக் கட்டையில் அடித்தார். வெள்ளைப் பந்து அங்கே மோதி, திரும்பி, அந்த மூலையின் இறுகிய புள்ளிகளுக்குள் நுழைந்து, ஒவ்வொன்றிலும் இடறி, பாம்பு மாதிரி வளைந்து போய், எட்டாவது பந்தைத் தொட்டது. தொட்டது என்று சொல்வதுகூட அதிகம். மூச்சு விட்டது. பந்து விழுந்தது.

பேயாண்டி எழுந்து நின்றுவிட்டான். ஜனகராஜ் எண்ணிக்கொண்டிருந்த விரல்களை மடக்கிக்கொண்டார்.

விஜய்ஆனந்த் குச்சியைச் சுவரில் சாத்தினான். வாக்குக் கொடுத்துவிட்டான், மூச்சுக் காட்டக் கூடாது. "சரிம்மா. பை எடுத்து வைக்கிறேன்."

அப்போதுதான் அம்மாளுக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது. மகன் முகத்தைப் பார்த்தார். புருஷன் முகத்தைப் பார்த்தார். குச்சியைக் கீழே வைக்கவில்லை.

"ஏங்க. இவன் ஜெயிச்சா என்னன்னு சொன்னீங்க, தோத்தா என்னன்னு சொன்னீங்க. ஜெயிச்சவளுக்கு என்னன்னு சொல்லலையே?"

"உனக்கென்ன வேணும்? சேலையா?"

"நம்ம வீட்டுல சேலைக்குப் பஞ்சமா? இவன் பட்டறையில இருக்கட்டும்."

"பட்டறை வேலை சாயங்காலம் வரைக்கும்..."

"காலையில அஞ்சு மணிக்குச் சாயம் வைக்கிறீங்க. பத்தரைக்குக் காயப் போட்டுர்றீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறீங்க. நடுவுல என்ன வேலை?"

"துணி காயிறதைப் பாக்கணும்."

"பாக்கலைன்னா காயாதா?"

ஜனகராஜ் கூரையைப் பார்த்தார். ஆஸ்பெஸ்டாஸ் அவருக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

"பதினாலு வருஷமா கேக்கணும்னு இருந்தேன்," என்றார் அம்மாள். "சாயப்பொடி அளக்குறதுக்குன்னு பட்டறையில பதினாலு சொம்பு வச்சிருக்கீங்க. எல்லாம் பளபளன்னு இருக்கு. சாயம் அளக்குற சொம்புக்கு எதுக்குங்க ரெண்டு பக்கமும் காது?"

பேயாண்டி இருமினான். பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த கேரம் மன்றத்தில், பதினோரு மணிக்கு மேல் ஜனகராஜை ஜெயிக்க ஆள் கிடையாது என்பது விஜய்ஆனந்தைத் தவிரக் கோச்சடைக்கே தெரியும். பதினாலு வருஷம், பதினாலு கோப்பை. வீட்டுக்குக் கொண்டுவரப் பயந்து ஒவ்வொன்றிலும் சாயப்பொடியைக் கொட்டி வைத்திருந்தார். கத்தரிப்பூ நிறம் இருக்கிற கோப்பையில் 'மாவட்டச் சாம்பியன்' என்றே பொறித்திருந்தது.

விஜய்ஆனந்த் அப்பாவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இரண்டு வருஷமாக, மாட்டுத்தாவணி வரைக்கும் அவனியாபுரம் வரைக்கும் தேடி அலைந்த உத்தியோகம். மதியம் பூராவும் சூரியன் வேலை பார்க்கும், மனுஷன் போய் விளையாடலாம். அது சொந்த வீட்டுக்குப் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அதை அவனிடமிருந்து மறைத்தவர் இவர். பையன் பட்டறைக்கு வந்தால் பதினோரு மணி ரகசியம் வீட்டுக்குப் போய்விடும், அவ்வளவுதான் விஷயம்.

"திங்கக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு இறங்குறேன்ப்பா," என்றான்.

ஜனகராஜ் ஒத்துக்கொண்டார், வேறு வழி? ஆனால் ஆட்டத்தை ஒத்துக்கொள்ளவில்லை. மில் படி இறங்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். டேபிள் சாய்ந்திருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிப் போய் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார். டேபிள், ஏரித் தண்ணீர் மாதிரி சமமாக இருந்தது. காற்றடித்தது என்றார். ஜன்னலே இல்லை என்று பேயாண்டி சொன்னான். விழுந்தது ஐந்துதான், மூன்றைப் பேயாண்டி கையால் தள்ளினான் என்றார். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "நான் பக்கத்துல நின்னேன், அப்படி ஒண்ணும் நடக்கலை," என்று சத்தியம் செய்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சாய்குமார் இரண்டு பஸ் டிக்கெட்டோடு பட்டறைக்கு வந்து நின்றான். விஜய்ஆனந்த் அண்டாவில் சிவப்புச் சாயத்தைக் கிண்டிக்கொண்டிருந்தான். முழங்கைவரை சிவப்பு. ஆவிக்கு அந்தப் பக்கம் அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டான். அப்பா வாய் தவறி 'கூட்டிட்டுப் போ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாய்குமார் அண்டாவோடு தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிடுவான்.

"என்ன சித்தப்பா, கிளம்பலையா இவன்?"

"அவனுக்கு உடம்பு சரியில்லைடா."

சாய்குமார் அண்டாவைப் பார்த்தான். ஆறடித் துடுப்பைச் சுழற்றிக்கொண்டிருந்த உடம்பைப் பார்த்தான்.

"ஜோசியர் வேற வடக்க போகக் கூடாதுன்னுட்டாரு," என்றார் ஜனகராஜ்.

"ஜோசியமே பொய்யின்னு நீங்கதான சொல்வீங்க."

"பட்டறையில வேலை அதிகம்."

"பத்தரைக்கு மேல என்ன சித்தப்பா வேலை? எங்கப்பாவும் சாயக்காரர்தான்."

ஜனகராஜ் மகனைப் பார்த்தார். மகன் கண்ணெடுக்காமல் சாயத்தைக் கிண்டினான். துடுப்பு மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது.

"பந்தயத்துல உங்க சித்தி ஜெயிச்சுட்டா," என்றார் கடைசியில், சத்தத்தைக் குறைத்து. "இவன் இங்கயே இருக்கணும்னுட்டா."

"என்ன பந்தயம்?"

ஜனகராஜ் சொன்னார். பாதியிலேயே சாய்குமார் சிரிக்க ஆரம்பித்தான். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சித்தியா? குச்சி பிடிச்சா? வரிசையா எட்டுப் பந்தா? பையனை அனுப்ப இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லுங்க சித்தப்பா. சித்திக்கு அதெல்லாம் எங்க வரும்? டேபிளு சாஞ்சிருக்கும்."

ஜனகராஜின் முகம் மாறியது. இரண்டு நாளாகத் தெருத்தெருவாக அவரே சொல்லித் திரிந்த வார்த்தை. இன்னொருத்தன் வாயிலிருந்து வந்ததும் அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"சாயலைடா," என்றார். "ரசமட்டம் வச்சுப் பாத்தேன்."

"அப்ப பாதி விழுந்திருக்கும். நீங்க..."

"எட்டும் விழுந்துச்சு. நான் பக்கத்துல நின்னு விரல் விட்டு எண்ணுனேன்."